ஹெரால்டைத் தர முடியாது என்று நீங்கள் சொல்லிவிடுங்கள்

விருதுநகர்
3.12.2006, ஞாயிற்றுக்கிழமை

பெருமதிப்பிற்குரிய மச்சான் சைஃபுல்லா அவர்களுக்கு, உங்கள் தங்கை ரோஷன் பேகத்தைக் கட்டிய பீர் முகைதீன் எழுதிக்கொள்வது. அஸ்ஸலாமு அலைக்கும்.

ஆண்டவன் கிருபையில் இங்கே நாங்கள் மூன்று பேரும் சுகம். கோலாலம்பூரில் நீங்களும் தங்கச்சி நசிமாவும் மருமகன் சாபிரும் சுகமாக இருக்கவும், கடை வியாபாரம் பரக்கத்தாக நடக்கவும் துஆச் செய்கிறோம். சுகம் என்று எழுதுவது முறை என்பதால் எழுதினேன். உள்ளபடி சொன்னால் எனக்கு இடது முழங்காலில் கட்டு, உங்கள் தங்கை நான்கு நாளாக என்னோடு பேசுவதில்லை, பிள்ளை மஹ்ரீன் ஒருத்திதான் நிஜமாகவே சுகம். அவள் அவ்வளவு சுகமாக இருப்பதுதான் எனக்குப் பிரச்சினை. போனில் சொல்லியிருப்பேன். ஆனால் போன் இருக்கிற ஹாலில்தான் அவள் உட்கார்ந்து படிக்கிறாள். அதனால் லீவு நாளில் மண்டியைத் திறந்து, வத்தல் மூட்டைகளுக்கு நடுவில் உட்கார்ந்து தும்மிக்கொண்டே எழுதுகிறேன். எழுத்து அங்கங்கே துள்ளியிருந்தால் அது தும்மல், வயசு இல்லை.

விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் அத்தா, அதாவது என் மாமனார், ஓட்டிய ஹெரால்டு கார் ஆர்.சி. புக்கில் இன்றைக்கும் உங்கள் பேரில்தான் இருக்கிறது. அந்தக் காரை மஹ்ரீன் ஓட்டக் கூடாது என்று நீங்கள் அங்கிருந்து அவளுக்கு ஒரு கடிதம் எழுத வேண்டும். நான் சொல்ல முடியாது. ஓட்டலாம் என்று வாக்குக் கொடுத்ததே நான்தான்.

மார்ச் மாதம் பிளஸ் டூ பரீட்சைக்கு முந்தின வாரம் அவள் என்னிடம், "அத்தா, ஆயிரத்து நூறு மார்க் எடுத்தா என்ன வாங்கித் தருவீக?" என்று கேட்டாள். நான் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். உங்கள் தங்கை அன்றைக்கு ஆட்டுக்கால் குழம்பு வைத்திருந்தாள். மனுஷன் நல்ல குழம்பில் கையை வைத்திருக்கும்போது யாருக்கும் வாக்குக் கொடுக்கக் கூடாது. "மல்லாங்கிணத்துல கெடக்கே உங்க நன்னாவோட ஹெரால்டு, அதை ரிப்பேர் பண்ணித் தாரேன், நீயே ஓட்டு" என்று சொல்லிவிட்டேன். கார் பதினெட்டு வருஷமாக ஓடவில்லை. அவளோ மாடல் பரீட்சையில் ஆயிரத்தைத் தொடவில்லை. இரண்டில் ஒன்றாவது என்னைக் காப்பாற்றும் என்று தைரியமாக இருந்தேன். மே மாதம் ரிசல்ட் வந்தது, ஆயிரத்து நூற்றுப் பதினெட்டு. தெரு முழுக்க இனிப்புக் கொடுத்தோம். எனக்கு மட்டும் இனிப்புத் தொண்டையில் இறங்கவில்லை.

மறுநாளே என்னை மல்லாங்கிணறுக்குக் கூட்டிக்கொண்டு போய்விட்டாள். உங்கள் அத்தா மௌத்தான வருஷம் காரைச் சுந்தரபாண்டி கொட்டகையில் நிறுத்தினோமே, ஞாபகம் இருக்கும். அவர் நிலத்து மல்லி இன்றைக்கும் நம் மண்டிக்குத்தான் வருகிறது. கொட்டகையில் கார் பத்திரமாக இருந்தது. காரின் பின் சீட்டில் ஓர் ஆடும் பத்திரமாக இருந்தது, அதுவும் நிறைசினையாக. சுந்தரபாண்டி வீட்டுக்காரம்மா முத்துப்பேச்சி எங்களுக்கு மோர் கொடுத்துவிட்டு, காருக்கு முன்னால் வந்து நின்றுகொண்டார். "போன ரெண்டு ஈத்தும் இதுக்குள்ளதான் போட்டுச்சு பாய். இப்பமும் நாளு நெருங்கிட்டு. எடத்தை மாத்துனா பயந்துக்கிடும். ஒரு மாசம் பொறுத்துக்கிடுங்க" என்றார். எனக்கு அந்த அம்மா கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம் போல இருந்தது. "ஒரு மாசம் என்ன தாயி, ஒரு வருசம் இருக்கட்டும், வாயில்லாச் சீவன்" என்றேன்.

அந்த ஆடு என்னை ஏமாற்றிவிட்டது மச்சான். பன்னிரண்டாம் நாளே இரண்டு குட்டி போட்டுவிட்டு இறங்கிக்கொண்டது. மஹ்ரீன் ஒருநாள் விட்டு ஒருநாள் பஸ் ஏறிப் போய் அதற்கு அகத்திக்கீரை கொடுத்துக்கொண்டிருந்தாள் என்பது எனக்கு அப்புறம்தான் தெரியும். முத்துப்பேச்சி ஒரு குட்டிக்கு ஹெரால்டு என்றே பேர் வைத்திருக்கிறார்.

விருதுநகரில் மூன்று மெக்கானிக்குகள் காரைப் பார்த்துச் சிரித்தார்கள். அதில் ஒருவன் தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு மறுபடி சிரித்தான். சிரிக்காத ஒரே ஆள் சிவகாசி சோணைமுத்துதான், அதனால் டிராக்டரில் கட்டி அங்கே இழுத்துப் போனோம். அவன் இஞ்சினைச் சுற்றி வந்து முகர்ந்து பார்த்துவிட்டு, "இதுக்கு ஒரு நோக்காடும் இல்ல பாய். ஆட்டுப் புழுக்கையை அள்ளிட்டா பாதி வேலை முடிஞ்சது" என்றான். மீதிப் பாதிக்கு மூன்று மாதம் ஆயிற்று. மஹ்ரீன் காலேஜ் திறக்கும்வரை தினமும் அங்கே போய்விடுவாள். கார்புரேட்டரை எங்கள் சாப்பாட்டு மேஜையில் பிரித்துப் போட்டு, பழைய பல் துலக்கும் பிரஷால் தேய்த்துக்கொண்டிருப்பாள். உங்கள் தங்கை அதைச் சுற்றித் தட்டு வைப்பாள். அந்த நாட்களில் மீன் குழம்பிலும் பெட்ரோல் வாசம். தண்ணீர் பம்பு எங்கேயும் கிடைக்காது என்று சோணைமுத்து கையை விரித்த அன்றைக்கு, நான் சந்தோஷத்தில் வீட்டுக்கு அல்வா வாங்கிப் போனேன். நான் அல்வாவைப் பிரிப்பதற்குள் அவள் மதுரையில் ஒரு பழைய இரும்புக் கடைக்காரரிடம் பேசி முடித்துவிட்டாள். கலரையும் அவளேதான் தேர்ந்தெடுத்தாள். சரவெடிப் பாக்கெட்டுக்கு அடிப்பார்களே ஒரு சிவப்பு, அதே சிவப்பு. அமைதியான க்ரீம் கலர் காரை அப்படி ஆக்கிவிட்டாள்.

ஆகஸ்டில் அவளுக்குப் பதினெட்டு முடிந்தது. பழகுநர் லைசென்ஸ் வாங்கி, 'எல்' போர்டு ஒட்டி, செப்டம்பரில் ஒரு சனிக்கிழமை முதல் தடவையாகக் காரை ரோட்டில் இறக்கினோம். அவள் ஓட்ட, பக்கத்தில் சோணைமுத்து, பின்னால் நானும் என் தஸ்பீஹ் மணியும். இங்கே ஒரு விவரம் சொல்ல வேண்டும். சோணைமுத்து வருஷக்கணக்கில் பட்டாசுக் கம்பெனி லாரிகளுக்கும் ஆளேற்றும் வேன்களுக்குமே வேலை பார்த்துப் பழகியவன். கம்பெனி கேட்டுக்குள் போகிற எந்த வண்டிக்கும் சைலன்சர் வாயில் தீப்பொறி வெளியே வராமல் தடுக்கும் வலைக்கூடு மாட்டியிருக்க வேண்டும். அவன் கை அதிலேயே ஊறிப்போனது. நம் ஹெரால்டுக்கும் யாரும் கேட்காமலே ஒன்று மாட்டிவிட்டான். அது லாரியில் இருந்து கழற்றிய பழைய கூடு, உள்ளே பாதி கரி. ஆட்டுக்குட்டி மாதிரி இருக்கிற இஞ்சின் அதற்குள் எப்படி மூச்சு விடும்? திணறித் திணறி வந்து, சரியாக ஒரு பட்டாசுக் கம்பெனி வாசலில், டமார் என்று ஒரு வெடி வெடித்தது பாருங்கள், ரோட்டோரத்துக் காக்கைகள் எல்லாம் எழும்பிவிட்டன.

அந்த ஊரில் அந்தச் சத்தத்தை யாரும் சிரித்துக்கொண்டு கேட்பதில்லை. ஒரு நிமிஷத்துக்குள் அறைகளில் இருந்த பெண்கள் எல்லாரும் வேலையைப் போட்டது போட்டபடி வெளியே வெட்டவெளிக்கு ஓடி வந்துவிட்டார்கள். வீரலட்சுமி என்று ஒரு மேற்பார்வை அம்மா, கையில் ஈயம் மாதிரி மருந்து ஒட்டியிருக்க, ஒவ்வொரு தலையாகத் தொட்டு எண்ணினார். அறுபத்து இரண்டு பேரும் இருக்கிறார்கள் என்றதும் அந்த அம்மா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். எனக்கு வெட்கத்தில் எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை. மஹ்ரீன்தான் இறங்கிப் போனாள். கண் கலங்கி, "அக்கா, எங்க காருதான்க்கா. மன்னிச்சிருங்க" என்று ஒவ்வொருத்தரிடமாகச் சொன்னாள். வீரலட்சுமி எழுந்து வந்து சைலன்சரைப் பார்த்தார், சோணைமுத்துவைப் பார்த்தார். "ஏலே, கம்பெனி வண்டிக்கு மாட்டச் சொன்னா காணாமப் போயிருவே. கேக்காத காருக்கு மாட்டுனியாக்கும்" என்று ஆரம்பித்து அவர் கொடுத்த டோஸை நான் இதில் எழுத முடியாது, நசிமா தங்கச்சியும் படிப்பாள். அப்புறம் மஹ்ரீனைப் பார்த்து, "நீயா தாயி ஓட்டிட்டு வந்தே?" என்று கேட்டார். ஆமாம் என்றதும் கையைத் துடைத்துக்கொண்டு வந்து ஜன்னல் வழியாக ஒரு தடவை ஹாரனை அமுக்கிப் பார்த்தார். அவ்வளவுதான், வாசலில் வரிசை நின்றுவிட்டது. அறுபத்து இரண்டு பேரும் ஆளுக்கு ஒரு தடவை அமுக்கிவிட்டுத்தான் உள்ளே போனார்கள். போகும்போது எல்லாரும் சிரித்துக்கொண்டு போனார்கள், எனக்கு அதில்தான் கொஞ்சம் உயிர் வந்தது.

இந்த நேரத்துக்குள் சத்தம் விருதுநகர் போய்ச் சேர்ந்திருந்தது. சிவகாசிப் பக்கம் ஒரு சத்தம் கேட்டால் எல்லா வீட்டு போனும் அடிக்கும், எந்தக் கம்பெனி, எந்தக் கம்பெனி என்று. திருத்தங்கலில் 'பாய் கார் ஒன்று வெடித்தது' என்று இருந்த சேதி, ஆமத்தூர் வந்தபோது 'காரோடு பாய்' என்று ஆகியிருக்கிறது. சோணைமுத்து கூட்டைக் கழற்றி எறிந்தபின் நாங்கள் சொகுசாக ஓட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தால், வாசலில் பந்தல் போட ஆள் குழி தோண்டிக்கொண்டிருக்கிறான், முப்பது பிளாஸ்டிக் நாற்காலி, பள்ளிவாசலில் இருந்து ஜமாஅத் ஆட்கள். எதிர் மண்டிக்காரர், இருபது வருஷமாக என்னைப் பார்த்து முகத்தைத் திருப்புகிறவர், எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, "நல்ல மனுசன்யா. எடையில ஒரு நாளும் கை வைக்க மாட்டாரு" என்று சொல்லிக்கொண்டிருந்தார். அதைப் பாதியில் நிறுத்த எனக்கு மனசு வரவில்லை, கொஞ்ச நேரம் பின்னாலேயே நின்றேன். உங்கள் தங்கை என்னையும் மஹ்ரீனையும் மாறி மாறிப் பார்த்தாள். கடைசியில், "சாப்பிட்டீகளா" என்று மட்டும் கேட்டாள். வந்த கூட்டத்தைச் சும்மா அனுப்ப முடியாமல் எல்லாருக்கும் டீயும் பட்டர் பிஸ்கட்டும் கொடுத்தோம். இமாம் இரண்டு டீ குடித்தார்.

இதற்கு அப்புறமாவது அவள் பயந்துவிடுவாள் என்று பார்த்தேன். டிரைவிங் ஸ்கூலில் சேர்ந்துவிட்டாள். நான் மாஸ்டர் காசிராஜனைத் தனியாகப் பார்த்து, "டெஸ்டுக்கு இன்னும் ஆறு மாசம் பழகணும்னு சொல்லுங்களேன்" என்று கெஞ்சினேன். "சீக்கிரம் அனுப்புங்கன்னு சொல்ற தகப்பன்மாரத்தான் பாத்திருக்கேன் பாய். ஒங்கள மாரி ஆள இப்பத்தான் பாக்கேன்" என்றார். அக்டோபரில் முதல் டெஸ்டிலேயே பாஸ். எட்டுப் போட்டுக் காட்டச் சொன்னால் அவள் அதைக் கையெழுத்துப் பயிற்சி மாதிரி போட்டிருக்கிறாள்.

இனி முழங்கால் விஷயம். போன புதன்கிழமை அஸர் தொழுதுவிட்டு வந்தேன். அவள் காலேஜில், உங்கள் தங்கை அடுப்படியில். ஒரே ஒரு வயரைப் பிடுங்கிவிட்டால் வண்டி ஸ்டார்ட் ஆகாது, பழைய வண்டி, தானாகக் கெட்டது என்று விட்டுவிடுவாள் என்று எனக்கு ஒரு யோசனை. ஹெரால்டுக்கு பானெட் மற்ற கார் மாதிரி இல்லை என்பதை நான் மறந்துவிட்டேன். விளக்கு, மட்கார்டு எல்லாம் சேர்ந்து காரின் மூஞ்சியே முன்பக்கமாகக் கவிழும். நான் முன்னால்தான் நின்றேன். அது முழங்காலில் இறங்கியது. அந்த வலியிலும் ஒரு வயரைப் பிடுங்கிச் சட்டைப் பையில் போட்டேன். சாயங்காலம் மஹ்ரீன் வந்து என் காலைப் பார்த்துவிட்டு, "ஆயில் பாக்கணும்னா என்ட்டச் சொல்லக் கூடாதாத்தா" என்று தைலம் தேய்த்துவிட்டாள். தேய்க்கத் தேய்க்க எனக்கு நெஞ்சுதான் எரிந்தது. அப்புறம் வண்டியை எடுத்தாள். ஒரே சாவியில் ஸ்டார்ட் ஆனது. ஹாரன் மட்டும் அடிக்கவில்லை. நான் பிடுங்கியது அந்த வயர். ராத்திரி சட்டையைத் துவைக்கப் போட்ட உங்கள் தங்கை அதைப் பையில் கண்டெடுத்தாள். என் முகத்துக்கு நேரே பிடித்துக் காட்டினாள். அதோடு பேச்சு நின்றது.

மச்சான், ஊர் என்ன பேசும் என்று நான் பயப்படுவதாக நினைக்காதீர்கள். ஊர் என்னை ஒரு தடவை அடக்கம் பண்ணப் பார்த்துவிட்டது, அதன் பேச்சு எனக்கு இனி ஒன்றுமில்லை. இருக்கிறது ஒரே பிள்ளை. சிவகாசி ரோட்டில் காலேஜுக்குத் தினமும் நாற்பது கிலோமீட்டர் போய் வர வேண்டும். சீசனில் அந்த லோடு லாரிகள் வருகிற வரத்து உங்களுக்குத் தெரியும். பரீட்சை முடிந்து காலேஜ் திறந்ததும் காரில்தான் போவேன் என்கிறாள். அவள் வாசலைத் தாண்டினதிலிருந்து திரும்பி வருகிறவரை நான் மண்டியில் ஒரு கிலோ மல்லிகூட எடை போட மாட்டேன். எனக்குப் பயமாக இருக்கிறது, அவ்வளவுதான். கொடுத்த வாக்கை நான் திரும்ப வாங்கினால் அவள் ஒன்றும் சொல்ல மாட்டாள். சரித்தா என்று சொல்லிவிட்டுப் போய்விடுவாள். அதை என்னால் தாங்க முடியாது. ஆகையால் நீங்கள்தான் கெட்டவர் ஆக வேண்டும்.

நீங்கள் எழுத வேண்டியதைக் கீழே தருகிறேன். 'அன்பு மருமகள் மஹ்ரீனுக்கு, நன்னாவின் கார் எனக்கு உயிருக்கு நிகரான ஞாபகப் பொருள். அதை யாரும் ஓட்டாமல் பூட்டி வைக்கவும். அதற்குச் சாமான் எதுவும் இப்போது செய்வதில்லை. ஊருக்கு வந்தால் நான் மட்டும் ஓட்டுவேன்.' நீங்கள் அந்தக் காரைத் தொட்ட ஒரே தடவை அதைச் சுந்தரபாண்டியின் கிணற்று மேட்டில் ஏற்றி நிறுத்தினீர்கள் என்பது அவளுக்குத் தெரியாது. உங்கள் தங்கைக்குத் தெரியும். அவள் என்னோடு பேசாத நேரத்திலேயே உங்கள் கடிதம் வந்துவிடுவது நல்லது, அதைச் சொல்லி என்னை மடக்க மாட்டாள். உங்கள் சொந்தக் கையெழுத்தில், கொஞ்சம் பிழையோடு எழுதுங்கள். என் நடை அவளுக்குத் தெரியும்.

மற்றபடி இங்கே மழை பரவாயில்லை, வத்தல் விலையும் பரவாயில்லை. ஹஜ்ஜுப் பெருநாளுக்கு நீங்கள் வந்தால் வீடு நிறையும், வர முடியாவிட்டால் கடிதமாவது வரட்டும். நசிமாவுக்கும் சாபிருக்கும் எங்கள் சலாமும் துஆவும். அல்லாஹ் உங்கள் எல்லாரையும் பத்திரமாக வைத்துக்கொள்வானாக, ஆமீன்.

என்றும் உங்கள் அன்பு மறவாத,
பீர் முகைதீன்

பி.கு.: மேலே உள்ளதை நேற்று எழுதிக் கவரில் வைத்தேன், ஒட்டவில்லை. இன்று திங்கட்கிழமை காலையில், மண்டிக் காலண்டர் தயார் என்று சிவகாசி பிரஸ்ஸில் இருந்து போன் வந்தது. இந்த முழங்காலோடு பஸ் ஏற முடியாது. மஹ்ரீனுக்குப் பரீட்சை லீவு. "நான் கூட்டிட்டுப் போறேன்த்தா" என்றாள். நான் சரி என்றதற்குக் காரணம் நல்லதில்லை. அவள் செய்கிற தப்பையெல்லாம் குறித்துக்கொண்டு வந்து இந்தக் கடிதத்தில் சேர்க்கலாம் என்று பேனாவும் துண்டுத்தாளும் எடுத்துக்கொண்டு முன் சீட்டில் உட்கார்ந்தேன். ஊரைத் தாண்டும்வரை ஒன்றும் சிக்கவில்லை. எதிரே ஒரு லோடு லாரி இடம் கொடுக்காமல் வந்தது, மண்ணில் இறங்கி நின்று அதைப் போக விட்டு, அப்புறம் எடுத்தாள். ஆமத்தூரில் பள்ளிக்கூடப் பிள்ளைகள் ரோட்டைக் கடந்தார்கள், கடைசிப் பிள்ளை போகிறவரை நின்றாள். ஆமத்தூருக்கு அப்புறம் அவள் என்ன தப்புச் செய்தாள் என்று எனக்குத் தெரியாது மச்சான். நான் தூங்கிவிட்டேன்.

இருபத்தைந்து வருஷமாக லாரியிலும் பஸ்ஸிலும் போய் வருகிறேன். எவன் ஓட்டினாலும் அவன் காலையே பார்த்துக்கொண்டு வருவேன், கண்ணை மூடியதில்லை. இன்றைக்கு முழித்துப் பார்த்தால் பிரஸ் வாசல். காலண்டர் கட்டெல்லாம் பின்னால் ஏறியிருக்கிறது. வந்து முக்கால் மணி நேரம் ஆயிற்றாம். கதவைச் சாத்தினால் சத்தத்தில் எழுந்துவிடுவேன் என்று அவள் பக்கத்துக் கதவைத் திறந்தபடியே விட்டு, என் முகத்தில் வெயில் அடிக்காமல் ஒரு காலண்டர் அட்டையை ஜன்னலில் செருகி, தான் வெளியே வெயிலில் நின்றுகொண்டிருந்தாள். "ஏம்மா எழுப்பலை" என்று கேட்டேன். "நீங்க இப்படி அசந்து தூங்கி நான் பாத்ததே இல்லத்தா" என்றாள்.

ஆகையால் நீங்கள் அவளுக்கு ஒன்றும் எழுத வேண்டாம். இந்தக் கடிதத்தைக் கிழித்துவிடலாம்தான், இவ்வளவு தும்மி எழுதியதை எறிய மனசு வரவில்லை, நீங்களே படித்துவிட்டு எறியுங்கள். இதோடு ஆர்.சி. புக்கில் பேர் மாற்றுகிற ஃபாரம் வைத்திருக்கிறேன். பென்சிலால் குறி போட்ட இடத்தில் எல்லாம் கையெழுத்துப் போடுங்கள், மஹ்ரீன் பேரை நானே நிரப்பிவிட்டேன். சாதாத் தபாலில் வேண்டாம், ரிஜிஸ்டரில் போடுங்கள். எனக்கு மறுபடியும் பயம் வருவதற்குள் அது வந்து சேர வேண்டும்.